வேலை உத்தரவா, உயிர்ச்சீட்டா?

1933 ஏப்ரல் 7. ஹிட்லர் பதவிக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. அரசுப் பணியில் யூதர்கள் இருக்கக்கூடாது என்று ஒரு சட்டம் வந்தது. ஜெர்மனியில் பல்கலைக்கழகப் பேராசிரியர்களும் அரசு ஊழியர்களே. நேற்றுவரை பாடம் நடத்தியவர்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள்.

அதே ஆண்டு நியூயார்க்கில் இவர்களுக்கு உதவ ஓர் அவசரக் குழு தொடங்கியது. அதன் உதவிச் செயலாளர் எட்வர்ட் மரோ (பின்னாளில் லண்டன் குண்டுவீச்சை வானொலியில் வர்ணித்துப் புகழ்பெற்றாரே, அவரேதான்!). குழு அறிஞர் கையில் நேரடியாகப் பணம் கொடுக்காது. ஒரு கல்லூரி "இவர் எங்களுக்கு வேண்டும்" என்று கேட்கவேண்டும். சம்பளத்தில் ஒரு பங்கைக் குழு தரும், பல சமயம் இன்னொரு பங்கை ராக்ஃபெல்லர் அறக்கட்டளை தரும். கணிதமேதை எம்மி நோய்தர் பிரின் மார் கல்லூரிக்குப் போனது இப்படித்தான். பொருளாதார மந்தத்தில் கல்லூரிகள் சொந்த ஆசிரியர்களையே குறைத்துக்கொண்டிருந்த நேரம் அது. சுமார் 6,000 பேர் உதவி கேட்டார்கள். கிடைத்தது 335 பேருக்கு.

போர் மூண்டபின் இந்த வேலை உத்தரவின் மதிப்பே வேறு. அமெரிக்காவின் 1924 குடியேற்றச் சட்டப்படி பேராசிரியர்களுக்கு ஒதுக்கீட்டு வரம்பு இல்லாமல் விசா உண்டு. ஆனால் விண்ணப்பிக்கும் முன் இரண்டு வருடம் ஆசிரியராக இருந்திருக்கவேண்டும். யூதர் என்பதால் வேலையை விட்டுத் துரத்தப்பட்டவர் அந்த இரண்டு வருடத்துக்கு எங்கே போவார்? என்ன கொடுமை பாருங்கள்!

பிரெஞ்சுப் புரட்சி பற்றி எழுதிய வரலாற்றாசிரியர் ஹெட்விக் ஹின்ட்ஸே பெர்லினில் வேலை இழந்து நெதர்லாந்துக்குப் போனார். நியூயார்க்கின் நியூ ஸ்கூல் அவருக்கு வேலை தர முன்வந்தது. ஆனால் 1940 மே மாதமே ஜெர்மன் படை நெதர்லாந்தைப் பிடித்துவிட்டது. அவரால் வெளியேற முடியவில்லை. 1942 ஜூலையில் உட்ரெக்ட் நகரில் இறந்தார்.

தப்பி வந்தவர்களுக்கும் பெரிய பல்கலைக்கழகங்கள் எளிதில் கதவு திறக்கவில்லை. திறந்தவற்றுள் அமெரிக்கத் தெற்கின் கறுப்பினக் கல்லூரிகளும் உண்டு. பேருந்தில்கூடச் சேர்ந்து உட்காரவிடாத ஊர்கள் அவை. பிளேட்டோ பற்றி ஆய்வு செய்த எர்ன்ஸ்ட் மனாஸேவுக்கு 1939-ல் வட கரோலினாவின் டர்ஹாம் நகரில் அப்படி ஒரு கல்லூரியில் இடம் கிடைத்தது. லத்தீன், ஜெர்மன், தத்துவம் மூன்றும் நடத்தினார். 1973 வரை அங்கேயேதான் இருந்தார்.