பட்டம் வாங்கியவரும் படிப்பை விட்டவரும்

அமெரிக்காவில் குடியேற்ற ஆவணமின்றி வளரும் பிள்ளைகள் பலருக்குத் தங்கள் நிலை பதினாறு, பதினேழு வயதில்தான் தெரியவருகிறது. கூடப் படிப்பவர்கள் ஓட்டுநர் உரிமம் எடுக்கிறார்கள், பகுதிநேர வேலைக்குப் போகிறார்கள், கல்லூரி உதவித்தொகைக்குப் படிவம் நிரப்புகிறார்கள். எங்கு போனாலும் அரசு வழங்கும் சோஷியல் செக்யூரிட்டி எண்ணைக் கேட்கிறார்கள். அந்த எண் தனக்கு இல்லை என்பதைப் பிள்ளை அப்போதுதான் பெற்றோரிடமிருந்து அறிகிறது.

சமூகவியலாளர் ராபர்ட்டோ கொன்சாலெஸின் ஆய்வு இந்த வயதைத்தான் பிடித்துக்கொண்டது. சிகாகோவில் இளைஞர் பணியாளராக இருந்து ஆய்வுத்துறைக்கு வந்தவர் அவர். லாஸ் ஏஞ்சலிஸ் வட்டாரத்தில் இப்படி வளர்ந்த 150 பேரிடம் விரிவாகப் பேசினார். 2015இல் வெளிவந்த ‘லைவ்ஸ் இன் லிம்போ’ என்ற அவருடைய நூல், பன்னிரண்டு ஆண்டு உழைப்பின் பயன்.

பள்ளிவரை இந்தப் பிள்ளைகளுக்குச் சட்டத்தின் காவல் உண்டு. டெக்சஸின் டைலர் நகரப் பள்ளிகள் ஆவணமற்ற பிள்ளைக்கு ஆண்டுக்கு 1,000 டாலர் கட்டணம் கேட்டன. அதை எதிர்த்துத் தொடுத்த வழக்கில் 1982இல் உச்ச நீதிமன்றம், 5-4 என்ற பெரும்பான்மையில், அவர்களுக்கும் இலவசப் பொதுக்கல்வி உரியது என்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு கல்லூரியைத் தொடவில்லை. கலிபோர்னியா 2001இல், மாநிலத்தில் மூன்றாண்டு உயர்நிலைப் பள்ளியில் பயின்று தேறியவர்களுக்கு உள்ளூர் மாணவர் கட்டணமே போதும் என்றது. கூட்டாட்சி அரசின் உதவித்தொகை அப்போதும் கிடைக்கவில்லை, வேலை செய்யும் உரிமையும் இல்லை.

கல்லூரிக்குப் போனவர் யார், பாதியில் நின்றவர் யார்? இதற்கு கொன்சாலெஸ் தரும் விடை ஆசிரியர்கள் ஒவ்வொருவரும் படிக்க வேண்டியது. நன்றாகப் படிப்பவர்களுக்கான சிறப்பு வகுப்புகளில் இருந்தவர்களுக்கு நம்பிப் பேச ஓர் ஆசிரியர் கிடைத்தார். அவரிடம் உண்மையைச் சொன்னார்கள், அவர் வழி தேடித் தந்தார். நெரிசலான வகுப்புகளில் பெயர்கூடத் தெரியாமல் இருந்தவர்களுக்கு அப்படி ஒருவர் வாய்க்கவில்லை. அறிவைவிட இந்த வாய்ப்புதான் பலருடைய திசையைத் தீர்மானித்தது.

ஒருமுறை பேட்டி எடுத்துவிட்டு அவர் திரும்பியிருந்தால், ஆய்வு கல்லூரிக்குப் போனவர்களின் வெற்றிக் கதையாகவே முடிந்திருக்கும். பல ஆண்டுகள் தொடர்ந்ததால்தான் கசப்பான முடிவு தெரிந்தது. நெடுந்தூரம் பேருந்தில் போய், பணமில்லாத பருவங்களில் படிப்பை நிறுத்தி, மறுபடி சேர்ந்து பட்டம் வாங்கியவர்கள், முப்பதை நெருங்கும்போது, படிப்பை விட்டவர்கள் பார்த்த அதே கூலி வேலைகளுக்கே வந்து நின்றார்கள். உழைப்பில் குறையில்லை. அவர்களுக்கு வேலை தர சட்டம் இடம் கொடுக்கவில்லை, அவ்வளவே.

2012 ஜூன் 15 அன்று அதிபர் ஒபாமாவின் அரசு ‘டாக்கா’ திட்டத்தை அறிவித்தது. இப்படி வளர்ந்தவர்களில் தகுதி பெற்றோருக்கு இரண்டாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கத்தக்க பணி அனுமதியும், நாடுகடத்தலிலிருந்து தற்காலிகக் காப்பும் கிடைத்தன. குடியுரிமைக்கு வழி மட்டும் இல்லை. கொன்சாலெஸ் நாடு முழுவதும் ஆய்வு நடத்தி, பயன்பெற்றவர்கள் நல்ல வேலைக்கு மாறியதையும், வங்கிக் கணக்கு தொடங்கியதையும், ஓட்டுநர் உரிமம் பெற்றதையும் பதிவு செய்தார். ஒரு தாள் கையில் வந்ததுமே வாழ்க்கை இவ்வளவு நகர்ந்தது என்பது, சட்டமே தடை என்ற அவருடைய முந்தைய முடிவுக்கு வலுவான சான்று.

ஆனால் 2007 ஜூன் 15க்கு முன்பிருந்தே நாட்டில் தொடர்ந்து வசிப்பவர்களுக்கே டாக்கா உண்டு. இப்போது பள்ளியை முடித்து வெளிவரும் ஆவணமற்ற மாணவர்களில் பெரும்பாலோர் அந்தத் தேதிக்குப் பிறகு வந்தவர்கள்.