கன்னத்தில் ஒதுக்கிய புகையிலை

எங்கள் ஊர் இணுவில். செம்மண் தோட்டம், இறைப்பு, புகையிலை: இவைதான் எங்கள் வீட்டுக்குச் சோறு போட்டன. அப்பு கன்று நட்டு, கெட்டு முறித்து, வெட்டிய இலையைக் குடிலுக்குள் கட்டித் தூக்கி, பொச்சுமட்டையும் ஊமலும் எரித்துப் புகை ஊட்டுவார். பாடம் போட்ட அந்த இலையில் ஒரு துண்டைக் கன்னத்தில் ஒதுக்கியபடியே ஆச்சி நித்திரைக்குப் போவா. அந்தக் கன்னத்தில்தான் புண் வந்தது. "பல்லுக் குத்தினது தம்பி, ஆறிப்போம்" என்றா. ஆறவில்லை.

நான் பள்ளிக்கூடத்தில் இரசாயனம் படிப்பித்தவன். அந்தப் புண்ணுக்கு என்ன காரணம் என்பதை உலகம் எப்படிக் கண்டறிந்தது என்று தேடிப் படித்தேன். அந்த வரலாற்றில் எங்கள் தீவு தொடக்கத்திலேயே வந்துவிடுகிறது. 1845 முதல் 1850 வரை இலங்கையின் குடியேற்றநாட்டுச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட், பிற்பாடு இலங்கையைப் பற்றி எழுதிய பெருநூலில் கொழும்பு வைத்தியர் எலியட்டைக் குறிப்பிடுகிறார். கன்னத்தில் வரும் புற்றுநோய் பலவற்றை எலியட் கண்டு, அதற்கு 'வெற்றிலை சப்புவோர் புற்று' என்று பெயரே வைத்திருந்தாராம். லண்டனில் புகைபோக்கி துடைத்த பெடியளுக்கு வந்த புற்றுக்குக் கரியே காரணம் என்று பெர்சிவல் பொட் 1775இல் எழுதியதற்குப் பக்கத்தில் வைக்கவேண்டிய கூற்று இது. இங்கே இதை அறிந்தவர்கள் மிகக் குறைவு.

ஏன் என்று எனக்குத் தெரியும். யாழ்ப்பாணத்தில் கோயில் எழும்பியதும், பிள்ளைகள் இங்கிலிஷ் படித்ததும், பெண்களுக்குச் சீதனம் சேர்ந்ததும் புகையிலைக் காசில். சுருட்டு தெற்கே சிங்கள ஊர்களுக்குப் போனது. சப்புகிற புகையிலை ஒல்லாந்தர் காலத்திலிருந்தே கப்பலேறி மலையாளக் கரைக்குப் போனது. திருவிதாங்கூர் அரசு புகையிலை விற்பனையைத் தன் தனியுரிமையாக வைத்துக் கஜானாவை நிரப்பியது. சோறு போட்ட இலையைக் குற்றம் சொல்ல எந்த ஊருக்கு மனம் வரும்?

அதே திருவிதாங்கூரின் தெற்கில் நெய்யூர். அங்கிருந்த லண்டன் மிஷன் ஆஸ்பத்திரிக்கு வாய்ப்புற்றோடு வந்தவர்களுக்குக் கணக்கில்லை. எவரெஸ்ட் ஏறப் போன சொமர்வெல் அங்கேதான் சத்திரசிகிச்சை வைத்தியராக இருந்தார். 1933இல் ஓர் என்ற வைத்தியர் திருவிதாங்கூரின் வெற்றிலை சப்புவோரிடம் கண்ட வாய்ப்புற்றைப் பற்றி லான்செட் இதழில் எழுதினார். தலைமுறை தலைமுறையாக எங்கள் இலையை வாங்கிய நாட்டில் எழுந்த கட்டுரை அது. அதைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஆனால் கண்ணால் கண்டது மட்டும் போதாது என்றது விஞ்ஞானம். சொத்தைப் பல்லா, ஊட்டக் குறைவா, சுண்ணாம்பா, பாக்கா, புகையிலையா? 1949இல் எங்கள் நாட்டுப் பல் வைத்தியர் டபிள்யூ. பாலேந்திரா பிரித்தானியப் பல் மருத்துவ இதழில் இதே கேள்வியைத்தான் எடுத்தார். இதற்குள் சோதனைக்கூடங்கள் வெகுதூரம் போயிருந்தன. 1915இல் தோக்கியோவில் யமகிவாவும் இச்சிகாவாவும் முயலின் காதில் மாதக்கணக்காகத் தார் பூசிப் புற்றை வரவழைத்துக் காட்டினார்கள். லண்டனில் கெனவேயின் குழு இரண்டு தொன் கீலைப் பிரித்தெடுத்து 1933இல் அதிலிருந்த புற்றூட்டும் பொருளான பென்சோபைரீனைப் பிடித்தது. பென்சோபைரீன், விறகோ மட்டையோ அரைகுறையாக எரியும் எந்தப் புகையிலும் உண்டு. அப்பு கண் எரிய எரிய ஊட்டிய புகையிலுமா என்று கேட்டால், ஆம் என்றுதான் இரசாயனம் சொல்லும்.

வெற்றிலைக்கூட்டு இலேசில் பிடிபடவில்லை. 1960இல் சிங்கப்பூரில் மியூரும் கேர்க்கும் அதன் சாற்றை எலிக் காதில் பூசிப் பார்த்தார்கள். கன்னப் பையில் தீனி ஒதுக்கும் ஹாம்ஸ்டரைச் சிலர் எடுத்தார்கள். 1962இல் வெளியான அமெரிக்கச் சோதனை ஒன்றில் அந்தப் பையில் கட்டியே வரவில்லை. புகையிலைக்காரருக்கு ஆறுதலான முடிவு! 1971இல் சூரி, கோல்ட்மன், வெல்ஸ் மூவரும் பாக்கின் சாற்றை மட்டும் அதே பையில் பூசினார்கள், புற்று வந்தது. 1974இல் ஹொஃப்மன், ஹெக்ட் குழு, எரிக்காத புகையிலையிலேயே நைட்ரோசோநோர்நிக்கொட்டின் என்ற புற்றூட்டும் பொருள் இருப்பதைக் காட்டியது. அது பச்சை இலையில் அல்ல, பெரும்பாலும் உலர்த்திப் பாடம் போடும்போதுதான் உண்டாகிறது. கூட்டில் சேரும் சுண்ணாம்பின் காரம் நிக்கொட்டினைச் சதைக்குள் விரைவாக இறக்கும். பாக்கின் துவர்ப்புப் பொருள்களைக் காற்றோடு வினைப்படுத்தி, கலத்தைத் தாக்கும் ஒட்சிசன் வடிவங்களைப் பிறப்பிக்கும்.

புகையிலை சேர்ந்த வெற்றிலைக்கூட்டு புற்றுநோய் தரும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1985இல் தீர்த்தது. 2004இல் வெளியான முடிவில், புகையிலை இல்லாத கூட்டும் வெறும் பாக்கும் அதே பட்டியலில் ஏறின. "நான் போயிலை போடுறேல்லை, வெறும் பாக்குத்தானே" என்று இன்றும் கலியாண வீடுகளில் சொல்கிறார்கள். அவர்களோடு நான் வாதாடுகிறேன், கோபமாகவே.

இலங்கையிலேயே நடந்த ஒரு வேலையையும் சொல்லவேண்டும். 1984இல் வர்ணகுலசூரியவும் கூட்டாளிகளும் வெளியிட்ட ஆய்வில், சாதாரண சுகாதார ஊழியர்கள் 28,000 பேருக்கு மேல் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்கள். வெள்ளைப் படலம், சிவந்த திட்டு, இறுகிப்போன கன்னம்: கண்ணாலேயே தெரியும் அறிகுறிகள், புற்றுக்கு முந்தியவை. கண்டவர்களை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். ஏறக்குறையப் பாதிப் பேர்தான் போனார்கள். நோகாத புண்ணுக்கு ஏன் வைத்தியரிடம் போகவேணும் என்று எங்கள் ஊரிலும் கேட்பார்கள். நோகத் தொடங்குவது பெரும்பாலும் பிந்தித்தான்.