ராத்திரி ரெண்டு மணி வேலை யார் பேர்ல ஓடுது?

இன்னைக்கு எபிசோடை ஒரு வாக்குமூலத்தோட ஆரம்பிக்கிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதுசு. டீம்ல சீனியர் ஒருத்தர் வேற கம்பெனிக்குப் போனார். கேக் வெட்டினோம், ஐடி கார்டைத் திருப்பிக் குடுத்தார், சாயங்காலமே அவர் அக்கவுண்ட்டைப் பூட்டிட்டாங்க. எல்லாம் விதிப்படிதான். ஆனா அன்னைக்கு ராத்திரி ஓட வேண்டிய இன்வாய்ஸ் ஜாப் ஓடலை. ஏன்னா அது அவர் பேர்ல பதிவாகி இருந்தது. காலையில க்ளையன்ட்கிட்ட இருந்து போன் மேல போன். நாங்க என்ன பண்ணினோம் தெரியுமா? போனவரோட அக்கவுண்ட்டை மறுபடி திறந்து விட்டோம். ஜாப் ஓடிடுச்சு. அந்த அக்கவுண்ட் நாலு மாசம் திறந்தே கிடந்தது. யாரும் கேட்கலை, நானும் வாய் திறக்கலை.

ஆள் இல்லாத நேரத்துல தானா ஓடுற வேலைக்கு யாரோட அதிகாரம் தேவை? இந்தக் கேள்விக்கு ஐம்பது வருஷ வரலாறு இருக்கு.

1975-ல் ஜெரோம் சால்ட்சர், மைக்கேல் ஷ்ரோடர் என்ற ரெண்டு பேர் கணினிப் பாதுகாப்பு பற்றி ஒரு கட்டுரை எழுதினாங்க. அதுல இருந்த ஒரு கொள்கையைச் சுருக்கமா சொன்னா: ஒரு வேலையை முடிக்க எவ்வளவு அதிகாரம் தேவையோ அவ்வளவு மட்டும் குடு, கூடக் குடுக்காதே.

நாலு வருஷம் கழிச்சு, 1979-ல், யூனிக்ஸோட ஏழாவது பதிப்பு வந்தது. அதுல இருந்த க்ரான் என்ற சின்ன புரோகிராம் நிமிஷத்துக்கு ஒரு தடவை கண் முழிக்கும், ஒரே ஒரு பட்டியலைப் பார்க்கும், நேரம் வந்த வேலையை ஓட்டும். எல்லா வேலையும் ரூட் பேர்லதான் ஓடும். ரூட்னா அந்த மெஷினோட முழு முதலாளி. பழைய ஃபைலை அழிக்கிற குட்டி வேலைக்கும் மொத்த வீட்டுச் சாவி! சால்ட்சரும் ஷ்ரோடரும் சொன்னதுக்கு நேர் எதிர். ஆனா அன்னைக்கு அந்தப் பட்டியலை எழுதுறவரும் மெஷினைப் பார்த்துக்கிறவரும் பெரும்பாலும் ஒரே ஆள்தான். அதனால உறுத்தலை.

ஒரே மெஷின்ல நிறைய பேர் வேலை செய்ய ஆரம்பிச்ச பிறகுதான் சிக்கல். 1980களில் வந்த சிஸ்டம் ஃபைவ் யூனிக்ஸ் இதை மாத்தியது. ஒவ்வொருத்தருக்கும் தனிப் பட்டியல், அவங்கவங்க வேலை அவங்கவங்க பேர்ல ஓடும். கூடவே ரெண்டு ஃபைல்: அலவ், டினை. அலவ் ஃபைல் இருந்தா, அதுல பேர் உள்ளவங்க மட்டும்தான் வேலையைப் பதிவு பண்ண முடியும். 1987-ல் பால் விக்ஸி எழுதிய க்ரானும் இதே வழியில போனது. இன்னைக்கு நாம லினக்ஸ்ல பார்க்கிற க்ரான் பலதும் அதோட வாரிசுகள்தான்.

பிசினஸ் சாஃப்ட்வேர் பக்கம் வருவோம். ஐபிஎம்-ல இருந்து வெளிய வந்த ஐந்து பேர் 1972-ல் ஜெர்மனியில தொடங்கினதுதான் எஸ்ஏபி. 1992-ல் அவங்களோட ஆர்/3 வந்தது. சம்பளம், ஸ்டாக், பில் எல்லாம் ஒரே சிஸ்டத்துக்குள்ள. இங்க ராத்திரி ஓடுற ஒரு ஜாப்னா அது கோடிக்கணக்கான ரூபாய் பேமென்ட்டாவும் இருக்கலாம்.

அதனால எஸ்ஏபி இதை மூணு கேள்வியா பிரிச்சுது. ஜாபை யார் உருவாக்கலாம்? அதை ஓட விட யார் ரிலீஸ் பண்ணலாம்? அது யார் பேர்ல ஓடலாம்? ரிலீஸ் பண்ற பர்மிஷன் இல்லாதவர் ஜாபை உருவாக்கலாம், ஆனா வேற ஒருத்தர் ரிலீஸ் பண்ற வரைக்கும் அது ஓடாது. இன்னொருத்தர் பேரைப் போடணும்னா அதுக்குத் தனி பர்மிஷன். மூணாவது கேள்விதான் ஆபத்து. எல்லா அதிகாரமும் உள்ள யூசர் பேரை என் ஜாப்ல போட முடிஞ்சா, நானே அந்த யூசர் ஆன மாதிரிதான்.

ஆனா பேர் மாத்தாம விட்டா, ஜாபை உருவாக்கினவர் பேரே அதுல உட்கார்ந்துக்கும். எங்க சீனியர் மாட்டினது இங்கதான். அவசரத்துல தன் பேர்லயே போட்டுட்டார், வருஷக்கணக்கா அது அப்படியே ஓடிச்சு.

இதோட மறுபக்கத்தையும் பார்க்கணும். 2008 அக்டோபர் 24. அமெரிக்காவோட பெரிய வீட்டுக்கடன் நிறுவனமான ஃபேனி மே, மேரிலாந்துல வேலை பார்த்த ஒரு ஒப்பந்தப் பொறியாளரை நீக்கியது. நீக்கினது மதியம். ஆனா அவரோட சர்வர் அணுகலை நிறுத்தினது ராத்திரிக்கு. நடுவுல இருந்த சில மணி நேரத்துல, தினமும் காலையில ஓடுற ஒரு ஸ்கிரிப்டோட அடியில, பக்கம் நீளத்துக்கு வெற்று வரிகளை விட்டு, அதுக்குக் கீழ தன் கோடை ஒளிச்சு வெச்சார். 2009 ஜனவரி 31 காலை 9 மணிக்கு நாலாயிரம் சர்வர்களை அழிக்க அது காத்திருந்தது. ஐந்து நாள் கழிச்சு இன்னொரு பொறியாளர் கண்ணுல பட்டதால தப்பிச்சாங்க. 2010-ல் அவருக்கு 41 மாத சிறைத்தண்டனை.

ரெண்டு கதையையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க. எங்க ஆபீஸ்ல அக்கவுண்ட்டைப் பூட்டினதும் தேவையான வேலை நின்னுச்சு. அங்க அக்கவுண்ட்டைப் பூட்டியும் ஆபத்தான வேலை உயிரோட இருந்தது. ஆளை வெளிய அனுப்புறதும் அவர் விட்டுட்டுப் போற வேலையைக் கணக்கெடுக்கிறதும் ரெண்டு தனி வேலை. நாம முதல் வேலையை முடிச்சுட்டு ரெண்டும் முடிஞ்சதா நினைச்சுக்கிறோம்.

தீர்வு புதுசு ஒண்ணும் இல்லை. ஜாபுக்குன்னு மனுஷன் லாகின் பண்ண முடியாத தனி யூசர். அதுக்கு அந்த ஜாபுக்குத் தேவையான பர்மிஷன் மட்டும். அதுக்குப் பொறுப்பா, வேலையில இருக்கிற ஒரு மனுஷர் பேர். 1975 கட்டுரையோட கொள்கை அப்படியே பொருந்துது.

நாளைக்கு ஆபீஸ் போனதும் உங்க சிஸ்டத்துல ஓடுற ஜாப் பட்டியலைத் திறந்து, யூசர் பேர் இருக்கிற காலத்தை மட்டும் ஒரு தடவை படிங்க. போனவர் பேர் ஒண்ணாவது இருந்தா, நான் நாலு மாசம் சும்மா இருந்த மாதிரி இருக்காதீங்க. அன்னைக்கே சொல்லிடுங்க.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.