தறி விட்ட இடமும் ஊசி புகுந்த இடமும்

இந்தியப் பூத்தையல் மரபுகளைத் தொகுக்கும் நூல்களில் பஞ்சாபுக்குப் புல்காரி, லக்னோவுக்குச் சிக்கன், வங்காளத்துக்குக் காந்தா, வடகர்நாடகத்துக்குக் கசூதி என்று வரிசை நீளும். தமிழகத்தின் பங்குக்கு நீலகிரித் தோடர்களின் வேலைப்பாடு வரும்; சமவெளிக்கு உரிய இடம் பெரும்பாலும் காலியாகவே கிடக்கும். இதைக் கைத்திறக் குறைவு என்று கொள்வது பிழை. தமிழ்ச் சமவெளியில் துணியின் அழகு தறியிலும் சாயத்திலும் முடிந்துவிட்டது. ஊசிக்கு மிஞ்சியது கிழிசலை ஒட்டுப்போடும் வேலை. தறியும் சாயமும் எட்டாத இடங்களில் மட்டுமே ஊசி அலங்காரக் கருவியாயிற்று என்பது இக்கட்டுரையின் வாதம்.

முதலில் சங்கப் பாடல்களைப் பார்க்கலாம். திண்டிவனம் வட்டாரம் பழைய ஓய்மாநாடு. அதன் தலைவன் நல்லியக்கோடனின் கிடங்கில் இன்று திண்டிவனத்துக்குள் அடங்கிவிட்டது. அவனைப் பாடும் சிறுபாணாற்றுப்படை, பாணன் பெறும் ஆடையை மூங்கிலின் மெல்லிய தோலை உரித்தாற்போன்றது என்கிறது. அங்கே பாராட்டுப் பெறுவது இழையின் மென்மை. மேலே தைத்த வேலைப்பாடு பற்றிப் பேச்சில்லை. கரிகாலனைப் பாடும் பொருநராற்றுப்படை இன்னும் தெளிவான சான்று. பொருநன் உடுத்தி வந்த கந்தலில் வேற்று நூல் நுழைந்த தையல் இருக்கிறது. அதைக் களைந்து மன்னன் கொடுக்கும் ஆடையோ இழை போன வழி கண்ணுக்குத் தெரியாதது, பூவேலை நிறைந்தது, பாம்புச் சட்டை போன்றது. ஒரே காட்சியில் ஊசி வறுமையின் பக்கமும் நெசவு கொடையின் பக்கமும் நிற்கின்றன. அந்தப் பூக்கள் ஊசியால் போட்டவையாக ஏன் இருக்கக்கூடாது என்று கேட்கலாம். ஊசித் தையல் துணியின் மேல் புடைத்து நிற்கும். பாம்புச் சட்டையின் கோலமோ தோலோடு தோலாகக் கிடப்பது. உவமையைத் தேர்ந்த புலவர் நெசவுப் பூவையே கண்டிருக்க வேண்டும். ஊசித்தொழில் அறியாத நாடும் அல்ல இது. சிலப்பதிகாரத்தின் புகார் நகரத்திலேயே துன்னகாரர் இருக்கிறார்கள்.

இலக்கியம் மரபு சார்ந்தது, அதை மட்டும் நம்பலாமா என்ற தடை நியாயமானது. ஆனால் கடல் வணிகமும் இதையே சொல்கிறது. 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பியர் இந்தியப் பூத்தையலை வாங்கிய இடங்கள் குஜராத்தும் வங்காளமும். போர்த்துக்கீசியருக்காகத் தைத்த மெத்தை விரிப்புகள் வங்காளத்தின் சாத்காவோனோடு இணைத்துப் பேசப்படுகின்றன. சோழமண்டலக் கரையில் ஐரோப்பியர் தேடியது கலம் என்னும் எழுதுகோலால் எழுதிச் சாயமேற்றிய சீட்டித் துணியையும், புதுச்சேரி போன்ற துறைகளிலிருந்து சென்ற நீலத் துணியையும். கொடியும் மரமுமான ஒரே வகை வடிவங்களை வடமேற்கில் ஊசி போட்டது, இங்கே கலம் எழுதியது.

இந்த வாதத்துக்கு வலுவான மறுப்பு கசூதியிலிருந்து வருகிறது. வடகர்நாடகத்தின் இல்கல் பெயர்பெற்ற நெசவூர். அதன் சேலைமீதே கசூதியும் மலர்ந்தது. ஆக, தறி அருகில் இருப்பது மட்டும் ஊசியை விலக்கிவிடாது. பார்க்க வேண்டியது தறி எவ்வளவு இடத்தை விட்டுவைக்கிறது என்பதை. இல்கல் சேலையின் முந்தி ஆடம்பரமானது. உடலோ பெரும்பாலும் வெறும் நிறம் அல்லது கட்டம். அந்த வெளியில்தான் கசூதி குடியேறியது. காஞ்சிபுரத்துத் தறி கரையைக் கோர்வையாக இணைத்து, உடலில் புட்டாவையும் தானே போட்டுவிடுகிறது.

தோடர்கள் இந்த விதியை மறுபக்கத்திலிருந்து உறுதி செய்கிறார்கள். அவர்களிடம் தறி இல்லை. போர்வையான பூத்துக்குளிக்குரிய முரட்டு வெள்ளைத் துணி வெளியாரிடமிருந்து வந்தது. பெண்கள் வரைபடமோ சட்டமோ இல்லாமல், பாவும் ஊடும் எண்ணிச் சிவப்பும் கறுப்புமாக இழையோட்டுகிறார்கள். தேர்ந்த கண்ணுக்கும் அது நெய்தது போலவே தோன்றும். தறியில்லாத மக்கள் ஊசியைக் கொண்டு நெசவைப் போலச் செய்தார்கள் என்றுகூடச் சொல்லத் தோன்றுகிறது. 2013-இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. தஞ்சை வட்டாரத்துத் தேர்த் தொம்பைகளும் இதே கணக்கில் சேரும். வண்ணத் துணியை வெட்டி ஒட்டித் தைத்த அந்தக் குழல்கள் உடுத்துவதற்கானவை அல்ல. அவற்றின் வடிவம் தறியில் இறங்காது. புதுச்சேரியில் குளூனி கன்னியர் 19-ஆம் நூற்றாண்டில் கற்றுக்கொடுத்த பூத்தையலுக்கும் மேசை விரிப்பும் கைக்குட்டையுமே களமாயின. சேலை அதன் எல்லைக்கு வெளியே நின்றது.

இன்று திண்டிவனம் போன்ற ஊர்களின் தையற்கடைகளில் ஆரி வேலைக்கு மவுசு ஏறிவிட்டதே, பழைய விதி உடைந்துவிட்டதா? ஆரிக் கொக்கி குஜராத்தின் தோல் தைப்பவர்களான மோச்சிகளின் கருவியிலிருந்து வந்தது. அதன் வரவு புதிது. ஆனால் அது எங்கே உட்காருகிறது என்று பாருங்கள். முகூர்த்தப் பட்டில் கரையும் முந்தியும் இன்றும் தறியின் கைவேலை. ஆரி விழுவது ரவிக்கையின் கையிலும் முதுகிலும். மணப்பெண்ணின் உடையில் வெளியே தெரியுமாறு கத்தரி பட்டுத் தைக்கப்படும் துணி அது ஒன்றுதான்.