கடலூர், சிதம்பரம் வீடுகளில் ஹாம்ஸ்டர் கூண்டு: ஓர் ஆய்வு

1. விலங்கின் வரவு

இன்று வீடுகளில் வளரும் பொன்னிற ஹாம்ஸ்டர்கள், 1930இல் சிரியாவின் அலெப்போ அருகே இஸ்ரேல் அஹரோனி வளையைத் தோண்டி எடுத்த ஒரு குடும்பத்தின் வழிவந்தவை. சிதம்பரத்துக்கு இவை புதியவை அல்ல. அண்ணாமலைப் பல்கலைக்கழக உயிர்வேதியியலார் வாய்ப்புற்றுநோய் ஆய்வுக்காக ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்திலிருந்து இவற்றை வரவழைத்து, ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி விலங்குக் கூடத்தில் பிளாஸ்டிக் பெட்டிகளில் வளர்த்தனர். அறை வெப்பம் 27 பாகை செல்சியஸ் அளவில் காக்கப்பட்டது. வீட்டில் அந்த வசதி இல்லை; ஆகவே இங்கே கூண்டும் அதை வைக்கும் இடமும்தான் வெயிலைத் தாங்க வேண்டும்.

2. வெப்பம்

கத்திரி வெயிலில் கடலூரில் 37, 38 பாகை சாதாரணம். ஹாம்ஸ்டருக்கு 30ஐத் தாண்டினாலே ஆபத்து. அதற்கு வியர்க்காது, மின்விசிறிக் காற்று பெரிதாக உதவாது. ஏசியை நம்பவும் முடியாது: 2011 டிசம்பர் 30இல் தானே புயல் கரையைக் கடந்தபின் கடலூர் மாவட்டத்தில் பல நாள் மின்சாரம் இல்லை.

மொட்டை மாடிக்கு நேர்கீழ் அறையும் ஆஸ்பெஸ்டாஸ் கூரையும் ஆகா. தரைத்தளத்தில், வெயில் படாத சுவரோரம் கூண்டை வையுங்கள். கண்ணாடித் தொட்டியானால் மேல்மூடி முழுவதும் கம்பிவலையாக இருக்கட்டும். உள்ளே ஒரு மண்சட்டியைக் கவிழ்த்து, வாய்ப்பக்கம் கொஞ்சம் உடைத்து, விளிம்பைத் தேய்த்து மழுக்கி வழிவிடுங்கள். நண்பகலில் ஹாம்ஸ்டர் அதற்குள் போய் வயிற்றைத் தரையில் பரப்பிப் படுக்கும். பிளாஸ்டிக் வீடு இந்தக் குளிர்ச்சியைத் தராது.

3. இடமும் ஆழமும்

ஸ்விட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006இல் 10, 40, 80 செ.மீ. ஆழப் படுக்கைகளை ஒப்பிட்டனர். 10 செ.மீ. படுக்கையில் இருந்தவையே கம்பியை அதிகம் கடித்தன, 80 செ.மீ. படுக்கையில் அந்தக் கடி காணப்படவே இல்லை. ஜெர்மனியின் விலங்கு நலக் கால்நடை மருத்துவர் சங்கம் 100க்கு 50 செ.மீ. தரையைக் குறைந்த அளவாகச் சொல்கிறது. கடையில் விற்கும் வண்ணக் கம்பிக் கூண்டு இதில் பாதிகூட வராது. ஒரு கூண்டுக்கு ஒன்றே. இரண்டை விட்டால் ஒன்றையொன்று கடித்துக் கொல்லவும் கூடும். சக்கரம் கம்பி இடைவெளி இல்லாததாக இருக்க வேண்டும்.

4. ஈரமும் எறும்பும்

காவிரி டெல்டாவில் மலிவாகக் கிடைக்கும் உமி தூசு கிளப்பும், வளை நிற்காது. மையில்லாத காகிதத் துண்டே மேல். ஆனால் மழை மாதங்களான ஐப்பசி, கார்த்திகையில் அது பூசணம் பிடிக்கும். மூலையில் கைவிட்டுப் பார்த்து, நனைந்ததை மட்டும் அப்போதைக்கப்போது மாற்றுங்கள். கூண்டு வைத்த மேசையின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்தினால் எறும்பு ஏறாது.

5. முடிபு

கோடையில் 30 பாகைக்குள் நிற்கும் ஓர் அறை வீட்டில் இல்லையென்றால், ஹாம்ஸ்டர் வாங்காதீர்கள்.