ஈருலோக வினையூக்கிகள்

தான் செலவாகாமலே ரசாயன வினையொன்றை விரைவுபடுத்தும் பொருளில் இரண்டு உலோகங்கள் அணுவளவில் இணைந்திருக்குமாயின், அது ஈருலோக வினையூக்கி எனப்படும். அதன் சக்தியை எந்த உலோகம் எவ்வளவு சேர்ந்தது என்ற விகிதம் மட்டும் தீர்மானிப்பதில்லை. மேற்பரப்பின் முதல் சில அடுக்குகளில் எந்த அணுவுக்கு அருகே எந்த அணு அமர்ந்திருக்கிறது என்பதே பிரதானம்.

நிக்கலும் செம்பும் சேர்ந்த கலவை இதற்குத் தக்க உதாரணம். செம்பின் எலெக்ட்ரான்கள் நிக்கலின் காலி இடங்களை நிரப்பிவிடுவதால் அதன் ஊக்கும் தன்மை குன்றுகிறது என்பது 1950-க்களில் செல்வாக்குப் பெற்றிருந்த சித்தாந்தம். அழகான சித்தாந்தந்தான், ஆனால் எக்ஸான் எண்ணெய் நிறுவனத்தின் ஆராய்ச்சிக்கூடத்தில் ஜான் சின்பெல்ட்டும் அவருடைய சகாக்களும் நடத்தி 1972-ல் வெளியிட்ட பரிசோதனைகளுக்கு முன் அது முழுமையாக நிற்கவில்லை. நிக்கலுடன் நூற்றுக்கு ஐந்து பங்கு செம்பைச் சேர்த்த மாத்திரத்தில், ஈத்தேனை ஹைட்ரஜனால் பிளந்து மீத்தேனாக்கும் வேகம் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்காக வீழ்ந்தது. சைக்ளோஹெக்சேனிலிருந்து ஹைட்ரஜனை நீக்கிப் பென்சீனாக்கும் வேகமோ, செம்பு மிக அதிகமாகும் வரையில் பெரிதும் மாறவில்லை. கார்பன்-கார்பன் பிணைப்பை முறிக்க அடுத்தடுத்து அமைந்த பல நிக்கல் அணுக்கள் வேண்டும். மேற்பரப்பு ஆற்றல் குறைந்த செம்போ, உள்ளே தங்காமல் மேலே வந்து திரண்டு, அந்தக் கூட்டங்களைச் சிதறடித்துவிடுகிறது. ஹைட்ரஜனை நீக்கும் வினைக்கு அவ்வளவு பெரிய கூட்டம் அவசியமில்லை என்பர்.

இதனால் எலெக்ட்ரான்களுக்குப் பங்கே இல்லையென்று கொள்ளலாகாது. மூன்று பிளாட்டின அணுவுக்கு ஒரு நிக்கல் அணு என்ற விகிதத்திலமைந்த ஒற்றைப் படிகத்தைச் சூடேற்றிப் பதப்படுத்தினால், மேலடுக்கு முழுவதும் பிளாட்டினமாகவும், அடுத்த அடுக்கு நிக்கல் மிகுந்ததாகவும் அமைகிறது. ஆக்சிஜன் நிக்கலைத் தொடுவதேயில்லை. ஆயினும் அடியிலுள்ள நிக்கல் மேலுள்ள பிளாட்டினத்தின் எலெக்ட்ரான் நிலையைச் சற்றுத் தாழ்த்தி, வினைக்கு இடையூறாக ஒட்டிக்கொள்ளும் ஹைட்ராக்சில் முதலியவற்றின் பிடியைத் தளர்த்துவதால், எரிபொருள் மின்கலங்களில் நிகழும் ஆக்சிஜன் ஒடுக்க வினை, அதே முகப்புடைய தூய பிளாட்டினத்தில் நடப்பதைப் போலப் பத்து மடங்கு விரைவாக நடப்பதை ஸ்டாமென்கோவிக், மார்க்கோவிக் முதலியோர் 2007-ல் காட்டினர். விசேஷம் என்னவெனில், அணுக்கள் மிக நெருங்கி அறுகோணமாக அடுக்கப்பட்ட முகப்புக்கே இவ்வேகம் உண்டு. அதே கலவையின் சதுர அமைப்புடைய முகப்பு வெகுவாகப் பின்தங்குகிறது.

அமைப்பும் நிலையானதன்று. தங்கமும் பல்லேடியமும் கலந்த பரப்பில், வெற்றிடத்தில் தங்கம் மேலே வரும். கார்பன் மோனாக்சைடு சூழ்ந்ததும் பல்லேடியம் எழுந்து வரும். ஆதலின், வினைக்கு முன்னும் பின்னும் சோதிப்பதோடு நில்லாமல், அது நடந்துகொண்டிருக்கும்போதே எக்ஸ் கதிர்களைச் செலுத்தி அணுக்களின் ஸ்தானத்தை அறியும் முறைகளும் வழக்கத்துக்கு வந்துள்ளன.