சேவல் இறகு கடலுக்குப் போன கதை

வெள்ளைச் சேவல் இறகு ஆறேழு, ஒரு பிடி மான்வால் மயிர், கொஞ்சம் மினுக்கு இழை. இவற்றைத் துருப்பிடிக்காத தூண்டில் முள்ளில் நூலால் இறுக்கிக் கட்டினால் அது 'லெஃப்டீஸ் டிசீவர்' என்ற பொய்யிரை. கையில் பார்த்தால் விளக்குமாற்றுத் துண்டு. நனைந்ததும் இறகெல்லாம் ஒட்டி மெலிந்து, சூடை மீனே நெளிந்து போவது போலிருக்கும்.

இலங்கையில் இதன் மூதாதையர் மலைநாட்டு ட்ரவுட் ஓடைக்காரர். ட்ரவுட் பூச்சி தின்னும் மீன். விரல் நகத்தில் அடங்கும் பொய்ப்பூச்சியே அதற்குப் போதும். 1880களில் வெள்ளைக்காரத் துரைமார் ட்ரவுட் முட்டைகளைக் கப்பலில் கொண்டுவந்து நுவரெலியா ஓடைகளில் வளர்க்கப் பார்த்தார்கள். 1896இல் சிலோன் பிஷிங் கிளப் வந்தது. கோட்டும் தொப்பியுமாக, மீனுக்குக்கூட மரியாதை குறையாத விளையாட்டு.

பொய்ப்பூச்சி விளையாட்டை உப்புத் தண்ணீருக்குப் பழக்கியவர்களில் பெரியவர் அமெரிக்கர் லெஃப்டி கிரே. நீள இறகு வீசும்போது முள்ளில் சுற்றிக்கொள்ளும். செசபீக் விரிகுடாவில் வரிபோட்ட பாஸ் மீனைத் துரத்திய அவர், 1950களின் கடைசியில் இறகை முள்ளின் வால்பக்கம் கட்டி, தலைப்பக்கம் மயிரைக் கழுத்துப்பட்டி போலச் சுற்றினார். சிக்கல் தீர்ந்தது. 1991இல் அமெரிக்கத் தபால் தலையிலேயே டிசீவர் ஏறிவிட்டது.

இனி இலங்கையின் கிழக்குக் கரையில் அக்கரைப்பற்று. கச்சான் என்ற மேல்காற்று வீசும் மாதங்களில் கடல் தணிந்து கிடக்கும். காலையில் காற்று முதுகில் தள்ள, தூண்டில் கயிறு தானாகப் பறக்கும். மதியம் கடற்காற்று திரும்பினால் முள் காதைத் தேடி வரும். ட்ரவுட்காரரின் பெரிய வியாதி வேறு: மீன் கவ்வியதும் பழக்கதோஷத்தில் கோலை நாசூக்காக மேலே தூக்குவார். பூச்சி தின்னிக்கு அது போதும். இந்தக் கடலின் பாரை மீனுக்கோ வாய் கடினம். கோலை நேரே வைத்து, கயிற்றைக் கையால் சுண்டி இழுத்தால்தான் முள் இறங்கும். தூக்கியவர் கையில் மிஞ்சுவது இறகு மட்டுமே. சீலா வந்தாலோ அதுவும் மிஞ்சாது. கம்பி போடாத நரம்பைக் கத்தரித்துக்கொண்டு போய்விடும்.

இதில் எனக்குப் பிடித்த வேடிக்கை, இலங்கைத் தொழிற்சாலைகளிலேயே பெண்கள் இத்தகைய பொய்ப்பூச்சிகளைக் கட்டி ஏற்றுமதி செய்வது. அட்லாண்டிக் தாண்டி டாலருக்கு விலைபோய், சுற்றுலாக்காரரின் பெட்டியில் மறுபடி இங்கே வந்து இறங்கும் இறகும் உண்டு.

கரைவலை இழுப்பவர்களுக்கு இந்தக் கூத்தெல்லாம் சரி. பிடித்த மீனைத் திரும்ப விடுவதைத்தான் தாங்க முடியவில்லை.

"என்ன தம்பி, பாரையையா விடப் போறீங்க?"

"ஓம் காக்கா, விளையாட்டுக்குத்தான் பிடிக்கிறது."

"அத இங்கால தாங்க. விடுற வேலைய நாங்க பாப்பம்."